ஜன்னலோர இருக்கைக்கு ஓர் உயில்

(ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடந்த பிரிவுபசார விழாவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களைப் பெயர் பெயராகச் சொல்லி வணங்க ஆரம்பித்தால் சமோசா ஆறிவிடும். அதனால் ஒரே கும்பிடு, எல்லோருக்கும் சேர்த்து.

உள்ளே வரும்போது, சந்தனமும் கற்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு நின்ற பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். நான்காக மடித்து, ஸ்டேப்ளர் பின் வேறு அடித்திருந்தது. "இன்றைக்கு எல்லோருக்கும் ஜோசியம் எழுதியிருக்கிறோம் மிஸ். ட்வெல்த்துக்கு எழுதினதை அப்புறம் மேடையில் வாசிப்போம். உங்களுடையதைப் பேசி முடித்த பிறகுதான் பிரிக்கணும்" என்றாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஜோசியம் எழுதலாம். கலெக்டராவாய், கறிக்கடை வைப்பாய் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். அறுபது தாண்டியவளுக்கு என்ன எழுதியிருப்பார்கள்? எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஒன்றுதான். இதோ, சீட்டு மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. சொன்னபடி பிறகு பிரிக்கிறேன்.

நான் படித்தது பிளஸ் டூவில் மூன்றாவது செட். தமிழ்நாட்டில் 1978ல்தான் பிளஸ் டூ வந்தது. அதற்கு முன்னால் பதினொன்றாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும், பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். புதுப் படிப்பின் முதல் பொதுத்தேர்வு 1980ல் நடந்தது, நாங்கள் எழுதியது 1982ல். அந்த மார்ச் மாதம் எங்கள் வகுப்பில் யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஆட்டோகிராஃப் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புத்தகத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவு, நீளவாக்கில் இருக்கும். தாள்கள் ரோஸ், இளம்பச்சை, மஞ்சள், வெளிர்நீலம் என்று மாறி மாறி வரும். ரோஸ் தாள் நெருங்கிய தோழிக்கு, மஞ்சள் தாள் சண்டை போட்டவளுக்கு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. முதல் பக்கத்தைத் தலைமை ஆசிரியைக்கு விட்டுவைப்போம். அவர் எல்லோருக்கும் ஒரே வரியைத்தான் எழுதுவார்: "உழைப்பே உயர்வு." சிலர் பக்கத்தின் ஓரத்தை மடித்து ஒட்டி, மேலே "பிரிக்காதே, ரகசியம்" என்று எழுதுவார்கள். பிரித்தால் உள்ளே "சொன்னேனே, கேட்டாயா குரங்கே" என்று இருக்கும். நாற்பது பேர் புத்தகத்திலும் இதே நகைச்சுவை இருந்தது. நாற்பது பேரும் பிரித்தோம்.

எப்படியாவது இந்தப் புத்தகத்தில் நான்தான் கடைசி என்று ஒருத்தி கடைசிப் பக்கத்தில் எழுதினாள். அதைப் பார்த்த இன்னொருத்தி பின் அட்டையின் உள்பக்கத்தில் எழுதினாள். மூன்றாமவள் அட்டைக்கு வெளியே, ரெக்சின் மேலேயே, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாள். இன்றைக்கும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பள்ளம் தெரிகிறது.

எனக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம். பல்பம், அதாவது சிலேட்டுக் குச்சி, தின்பேன். சிரிக்காதீர்கள், உங்கள் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தின்றிருப்பார்கள். பல்பம் கிடைக்காத நாளில் சாக்பீஸ். அந்த வருஷம் என் புத்தகத்தில் எழுதிய பெரியவர்கள் எல்லாம் நான் டாக்டராவேன் என்று வாழ்த்தியிருந்தார்கள். பக்கத்து பெஞ்சுக்காரி மட்டும் இப்படி எழுதினாள்: "நீ எந்த வேலைக்குப் போனாலும் சாக்பீஸ் இலவசமாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்துத்தான் போவாய்." முப்பத்து மூன்று வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வேலையில் சேர்ந்த பிறகு தின்றேனா என்று இங்கே யாரும் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன், இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதை. ஆனால் அது கொஞ்சம் நீளமான கதை.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், ஜெர்மனியில் விட்டன்பர்க் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரும் அவருடைய தோழர் மெலாங்க்டனும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடிந்து கிளம்புகிற மாணவர்கள் அவர்களிடம் கையெழுத்தும் இரண்டு நல்ல வார்த்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு அதற்கென்றே வெற்றுத்தாள் புத்தகம் வந்தது. அந்தக் காலத்து மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் படிப்பார்கள். புது ஊரில் போய் நின்று, யாரிடம் படித்தேன், யாரெல்லாம் எனக்குச் சிநேகிதர்கள் என்று காட்ட இந்தப் புத்தகம் உதவியது. அப்புறம் ஜெர்மன்காரர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள், புத்தகமும் கூடவே போனது. "கிழவியாகிக் கண் தெரியாமல் போனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நினை" என்று அமெரிக்கப் பிள்ளைகள் எதுகையோடு எழுதிய ஆங்கில வரியை எங்கள் வகுப்பில் ஒருத்தி அப்படியே எழுதினாள். அவளுக்கு அது யாருடையது என்று தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அதைப் படிக்கிறேன்.

இப்படி ஒரு புத்தகம் இசைமேதை பீத்தோவனிடமும் இருந்தது. 1792ல் அவருக்கு இருபத்தொரு வயது. பான் நகரத்திலிருந்து வியன்னாவுக்கு, ஹைடனிடம் இசை படிக்கக் கிளம்புகிறார். நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். வால்ட்ஸ்டைன் என்ற பிரபு எழுதினார்: விடாமல் உழைத்தால், மொட்சார்ட்டின் ஆன்மாவை ஹைடனின் கைகளிலிருந்து நீ பெற்றுக்கொள்வாய். மொட்சார்ட்டும் பெரிய இசைமேதை, அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. எவ்வளவு பெரிய வாழ்த்து! பீத்தோவன் பின்னாளில் ஒரு பியானோ சொனாட்டாவை இந்தப் பிரபுவுக்குச் சமர்ப்பித்தார், அது இன்றும் வால்ட்ஸ்டைன் பெயரில்தான் வழங்குகிறது. ஆட்டோகிராஃப் கேட்டால் பிகு பண்ணாமல் எழுதிக் கொடுங்கள், இப்படியும் லாபம் வரும். ஒன்றே ஒன்றை மட்டும் அந்தப் புத்தகத்தில் எழுதிய யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பீத்தோவன் பிறகு பான் நகரத்துக்குத் திரும்பவே இல்லை.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருஷத்தில் இரண்டு வேடிக்கைகள் வெகுகாலமாக உண்டு. ஒன்று, வகுப்பு ஜோசியம். இருபது வருஷம் கழித்து நான் ஊர் ஊராகப் போகிறேன், வழியில் என் வகுப்புக்காரர்களைப் பார்க்கிறேன், இவன் சர்க்கஸில் சிங்கத்துக்குப் பல் தேய்க்கிறான், அவள் செவ்வாய்க் கிரகத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள் என்று ஒருவர் எழுதி மேடையில் படிப்பது. இட்லிக்கடை நான் சேர்த்தது. இன்னொன்று, வகுப்பு உயில். போகிறவர்கள் தங்கள் "சொத்தை" ஜூனியர்களுக்கு எழுதி வைப்பார்கள். என் லாக்கரை இன்னாருக்கு, வண்டி நிறுத்தும் இடத்தை இன்னாருக்கு, தாமதமாக வந்து பிடிபடாமல் உட்காரும் திறமையை இன்னாருக்கு என்று. ஆண்டு மலரில் "வாழ்க்கையில் வெற்றிபெற அதிக வாய்ப்புள்ளவர்" என்று ஓட்டுப் போட்டு ஒரு பட்டம் வேறு உண்டு. பாவம், அந்தப் பட்டம் வாங்கியவர் நிலைமைதான் கஷ்டம். ஆயுசு முழுவதும் யாராவது வந்து சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்த உயில் விஷயத்தை நான் என் வகுப்பில் ஒரு தடவை சொன்னேன். தொண்ணூறுகளில், வேறொரு ஊரில். கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவன் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் பையன் உண்மையான பத்திரத்தாள் மாதிரியே பச்சைத்தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம்:

"பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கடைசி பெஞ்சில் வசிக்கும் நான், என் சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால், எனக்குப் பாத்தியப்பட்டதும் இரண்டு வருஷமாக என் அனுபவத்தில் இருந்து வருவதுமான ஜன்னலோர இருக்கைக்குச் செக்குபந்தியாவது: ஓடாத மின்விசிறிக்கு மேற்கு, வேப்பமரக் கிளைக்குக் கிழக்கு, ஃபர்ஸ்ட் ரேங்க்காரன் முதுகுக்குத் தெற்கு, ஒட்டடைக்கு வடக்கு. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட சொத்தையும், அதிலிருந்து தெரியும் மைதானத்தையும், மதியம் மூன்று மணித் தூக்கத்தையும், அடுத்த வருஷம் வருபவர் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி சொத்தின் பேரில் வில்லங்கம் ஒன்று உண்டு. நடுவில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது."

சாட்சிக் கையெழுத்து இரண்டு பேர் போட்டிருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாட்ச்மேன். வாசித்து முடித்ததும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் போய் அந்த பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். ஆணி இருந்தது. இரண்டு வருஷம் அவன் அதன் மேல் உட்கார்ந்து கணக்குப் படித்திருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சுத்தியல் கொண்டுவந்து அடித்தோம்.

வேடிக்கை என்றால் எல்லாம் வேடிக்கை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலேயே நிறையப் பள்ளிகள் இந்த உயிலை நிறுத்திவிட்டன, அல்லது ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகுதான் அனுமதிக்கின்றன. உயில் என்ற சாக்கில் பழைய பகையைத் தீர்த்துக்கொள்வார்கள். நம்மூர் ஃபேர்வெல்லில் பட்டம் கொடுக்கிறோமே, அதிலும் இது உண்டு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு பெண்ணின் நிறத்தை வைத்து ஒரு பட்டம் எழுதி, ரிப்பனில் ஒட்டி மாட்டிவிட்டார்கள். கைதட்டினார்கள். நானும் மேடையில் உட்கார்ந்து தட்டினேன், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவளும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். போட்டோ எடுக்கும்போது ரிப்பனைத் திருப்பிப் போட்டிருந்தாள், எழுத்துப் பக்கம் உள்ளே. "எப்போதும் லேட்டு", "டிபன் பாக்ஸ் திருடி" என்றெல்லாம் எழுதலாம், அது ஆள் செய்த வேலை. பிறக்கும்போதே வந்த உடம்பை வைத்து எழுதினால் அது நகைச்சுவையும் இல்லை, எழுதியவருக்குக் கற்பனையும் இல்லை.

கடைசியாக ஒன்று. உங்களைப் பற்றி இன்னொரு கும்பலும் ஜோசியம் எழுதிக்கொண்டிருக்கிறது, பெரியவர்கள். முன்பெல்லாம் ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் மாநில முதலிடத்துக்காரரின் படம் வரும். அம்மா ஒரு பக்கம் லட்டு ஊட்டுவார், அப்பா இன்னொரு பக்கம். கீழே வருஷா வருஷம் ஒரே வாக்கியம்: "டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்." 1200க்கு மார்க் போட்ட காலம் அது. 2017ல் அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது, மொத்த மார்க்கும் பிறகு 600 ஆகிவிட்டது. படம் போனது, வாக்கியம் போகவில்லை. ஸ்லாம் புக்கில் "லட்சியம்" என்ற கட்டத்தில் அதே வாக்கியத்தைப் பார்க்கிறேன். இந்த ஸ்லாம் புக்கே அமெரிக்காவில் பெயர் போடாமல் மற்றவரைத் திட்டி எழுதுகிற நோட்டாக இருந்தது. நம்மிடம் வந்து பிடித்த நடிகர், பிடித்த நிறம் என்று சாதுவாகிவிட்டது, அது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த லட்சியக் கட்டத்தில் மட்டும் நீங்கள் யாரும் உங்கள் கையெழுத்தில் எழுதுவதில்லை, அப்பா கையெழுத்தில் எழுதுகிறீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரி எழுதியதைத்தான் நான் நம்புவேன். அவள் என் வாயோரம் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டு எழுதியவள்.

போன வருஷம் அவளைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவளுக்கு நான் எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டினாள். "நீ பெரிய பாடகியாவாய்" என்று எழுதியிருக்கிறேன். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறாள். "நான் எங்கேடி பாடினேன்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. ரோஸ் தாள் கிடைத்த சந்தோஷத்தில் ஏதோ எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் கடைசிப் பரீட்சை முடிந்ததும் மை தெளிக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர் அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார். அதை மீறச் சொல்லி நான் பேசினால் அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டார். சட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்து வாங்குவதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை, அதையும் கவனித்தேன்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பு முறைக்கிறது, சமோசா வந்துவிட்டது போலிருக்கிறது. சீட்டைப் பிரிக்கிறேன். பின் நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள்... சரி, வந்துவிட்டது. வாசிக்கிறேன்:

"எங்கள் ஜோசியம்: சிறப்பு விருந்தினர் 'கடைசியாக ஒன்று' என்று குறைந்தது மூன்று தடவை சொல்வார்."

யார் எழுதியது இது? எழுந்திரு. எத்தனை வருஷமாக ஆண்டு விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய் நீ?