கடல் பின்வாங்கிய துறைமுகம்

நண்பர்களே, வணக்கம். சுரங்கப் பாரம்பரியம் என்றால் பாழடைந்த புகைபோக்கியையும் துருப்பிடித்த தண்டவாளத்தையும் காட்டுவது வழக்கம். நான் ஒரு கடற்கரையைக் காட்டுகிறேன். ஸ்பெயினின் தென்கிழக்கில், கார்த்தஹேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்ட்மான்.

ரோமானியர் அதற்கு வைத்த பெயர் 'போர்ட்டஸ் மாக்னஸ்', பெரிய துறைமுகம். கி.மு. 209இல் கார்த்தேஜியரிடமிருந்து கார்த்தஹேனாவைப் பிடித்ததும் பக்கத்து மலைகளும் அவர்கள் வசமாயின. மலையெங்கும் ஈயத்தாது, ஈயத்துக்குள் வெள்ளி. 40,000 பேர் வேலை செய்தார்கள், ரோமுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) வருமானம் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். முதலாளிக் குடும்பங்களின் பெயர்களை ஈயக் கட்டிகளின் முத்திரையில் இன்றும் படிக்கலாம். உள்ளே இறங்கி வெட்டியவர்களுடையது என்று கிடைப்பது, எஸ்பார்ட்டோ என்கிற முரட்டுப் புல்லில் பின்னிய கூடையும் தொப்பியும்தான்.

அப்புறம் பல நூற்றாண்டுகள் மலைக்குப் பெரிதாக வேலையில்லை. 1840களில் மறுபடி சூடு பிடித்தபோது, முதலில் கை வைத்தது மலையில் அல்ல, குப்பையில்! ரோமானியர் உருக்கிக் கொட்டிய கசடு மேடுகளில் ஈயம் மிச்சமிருந்தது. அதை மறுபடி உலையில் போட்டே பலர் பணக்காரரானார்கள். 1860இல் பக்கத்துச் சுரங்க ஊரான லா உனியோன் தனி ஊராட்சியானது. சிறுவர்கள் தாது சுமந்தார்கள், அதே எஸ்பார்ட்டோ கூடையில். சுரங்கத்தாரின் பாட்டுக்கு அங்கே 1961 முதல் விழா எடுக்கிறார்கள். நடப்பது பழைய சந்தைக் கட்டடத்தில்.

சரி, போர்ட்மானுக்கு வருவோம். 1957இல் பெனரோயா நிறுவனம் அங்கே பெரிய தாதுக் கழுவும் ஆலையை ஓட்டத் தொடங்கியது. பாறையை மாவாக அரைத்து, நீரில் நுரைக்கவிட்டு, வேண்டிய உலோகத்தைப் பிரித்துக்கொண்டு, மீதிச் சேற்றைக் குழாய் வழியே கடலில் விட்டார்கள். 1990இல் நிறுத்தும்வரை சுமார் 5.7 கோடி டன். விரிகுடா தூர்ந்து, கரை அரை கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் நகர்ந்தது.

பாரம்பரியப் பட்டியலில் இந்தக் கழிவுத் திட்டையும் சேர்க்க வேண்டும் என்பேன். அழகில்லைதான். ஆனால் ரோமானியர் கழித்த கசட்டில் பேரன்கள் ஈயம் எடுத்தார்கள்; இந்தச் சேற்றை அள்ளுவதற்கே அரசு பணம் தேட வேண்டியிருக்கிறது. அங்கே போனால் கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். கரையில் வைத்து எடுத்தால், இரும்புத்தாது கலந்த கருமணல் மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு கூடவே வரும்.