ஃபிலிமில் ஒளியுணர் அடுக்குகள் ஏறும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். புகைப்பட ஃபிலிம் என்றதும் அதிலுள்ள வெள்ளியைப் பற்றியும் வேதிவினைகளைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. அந்த வேதிப்பொருளை, ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பிளாஸ்டிக் சுருள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கும் ஒரே கனத்தில் எப்படிப் பூசுகிறார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஃபிலிம் தயாரிப்பில் மிகக் கடினமான கட்டம் அதுவே என்பது என் கருத்து.

பூசப்படும் அந்த வேதிப்பொருளான எமல்ஷன் எனப்படுவது, ஜெலட்டின் கரைசலில் பரவியிருக்கும் வெள்ளி ஹாலைடு நுண்படிகங்களின் கலவை. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில் அது நீர்மமாக ஓடும்; குளிர்ந்தால் கெட்டியாக இறுகிவிடும். பூச்சுத் தொழில் முழுவதும் ஜெலட்டினின் இந்த ஒரே குணத்தை நம்பி நிற்கிறது.

முற்காலத்தில் உருளையொன்றைச் சுற்றிச் செல்லும் சுருள், தொட்டியிலுள்ள எமல்ஷனில் தோய்ந்து வெளிவரும். எவ்வளவு எமல்ஷன் ஒட்டி வரும் என்பதைக் கரைசலின் பாகுநிலையும் (எளிதில் ஓடாத தன்மை) சுருளின் வேகமும் தீர்மானித்தன. வேகம் கூடினால் பூச்சு தடித்துவிடும் என்பதால், மெல்லிய பூச்சு வேண்டுவோர் மெதுவாகவே ஓட்ட வேண்டியிருந்தது. பல அடுக்குகள் வேண்டுமானால், ஒவ்வொன்றையும் பூசி உலர்த்திய பிறகே அடுத்ததைப் பூச முடிந்தது.

1950களில் கோடாக் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற சரிவுத்தள முறை இந்த நிலையை அடியோடு மாற்றியது. மெருகேற்றிய உலோகச் சரிவொன்றில் குறுக்காக மெல்லிய பிளவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பிளவிலிருந்தும் ஓர் அடுக்குக்கான கரைசல் கசிந்து, மேலிருந்து வழிந்து வரும் அடுக்குகளுக்கு அடியில் புகுந்துகொள்ளும். சரிவின் விளிம்புக்கும் ஓடும் சுருளுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே இடைவெளி. அடுக்குகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அதைத் தாண்டிச் சுருளில் ஏறிவிடுகின்றன. இத்தனை ஈர அடுக்குகளும் கலந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். பாகுநிலை மிகுந்த கரைசல்கள் சுழலின்றிச் சீராக வழிவதாலும், சில நொடிகளுக்குள் குளிர்ந்து இறுகிவிடுவதாலும் அவை கலப்பதில்லை. இம்முறையில் கனத்தை நிர்ணயிப்பது பம்பு தரும் அளவும் சுருளின் வேகமும் மட்டுமே என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. பின்னர் வந்த திரைப்பூச்சு முறையில், அடுக்குகள் நீர்த்திரை போல அந்தரத்தில் இறங்கிச் சுருளின் மேல் விழுகின்றன.

கரைசலில் ஒரு காற்றுக்குமிழி தங்கி, பிளவின் வாயில் ஒட்டிக்கொண்டால் போதும். அது அகலும்வரை சுருளின் நீளத்துக்கும் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். அதனாலேயே பூசுவதற்கு முன் கரைசலிலிருந்து காற்றை முழுவதுமாக அகற்றுகிறார்கள்.

பூசிய சுருள் முதலில் குளிரறைக்குள் சென்று இறுகும். அதன் பிறகே தூசி வடிகட்டிய உலர்காற்று படும். காற்றின் வெப்பம் மிகுந்தால் இறுகிய ஜெலட்டின் மீண்டும் இளகிவிடும். ஜெலட்டின் உலரும்போது சுருங்கி ஃபிலிமைச் சுருட்டப் பார்க்கும் என்பதால், பல ஃபிலிம் வகைகளில் பின்புறத்திலும் ஜெலட்டின் பூசி இழுப்பைச் சமன்செய்கிறார்கள்.

புகைப்படம் அச்சிடும் காகிதத்திலும் எமல்ஷன் பூசப்படுகிறது; அங்கே எமல்ஷனுக்கு அடியில் பேரியம் சல்பேட் அடுக்கு வெண்மையும் வழவழப்பும் தரும். பிளாஸ்டிக் பூசிய காகிதங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த பாலித்தீன் அந்த வேலையைச் செய்கிறது. வண்ண ஃபிலிமைப் பூசும் கூடமோ முழு இருட்டு. அங்கே கண் பார்த்துக் குறை காண வழியில்லை. சுருளிலிருந்து வெட்டிய மாதிரித் துண்டுக்கு ஒளி காட்டி, உருத்துலக்கி, அளந்து பார்த்த பிறகே சுருள் ஏற்கப்படுகிறது. நன்றி, வணக்கம்.