படம் நிற்கும் இடத்தில் சில்வர்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டீவன்சன் எழுதிய புதையல் தீவு 1883இல் புத்தகமாக வந்தது. கப்பல் சமையல்காரராக வேடம் போடும் ஒற்றைக்கால் கடற்கொள்ளையர் ஜான் சில்வர், அவர் தோளில் ஒரு கிளி, அவரை நம்பிப் புதையல் தேடிக் கப்பலேறும் விடுதிக்காரப் பையன் ஜிம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1978இல் ஜப்பானில் இதை 26 பகுதிகளாக டிவி கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். தகராஜிமா என்று பெயர். இயக்கியவர் ஒசாமு தெசாகி.

டிவி கார்ட்டூனில் எப்போதும் நேரமும் பணமும் பற்றாது. வினாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும், ஆனால் ஒரே ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தி 8 ஓவியத்தில் வேலையை முடிப்பார்கள், பேசும் காட்சி என்றால் வாய் மட்டும் அசையும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். தெசாகி என்ன செய்தார் என்றால், எந்த நொடி முக்கியமோ சரியாக அந்த நொடியில் படத்தை நிறுத்தினார். நிறுத்தியதும் வழவழப்பான கார்ட்டூன் முகம் போய், கையால் வண்ணம் தேய்த்துத் தீட்டிய சொரசொரப்பான ஓவியம் ஒன்று திரையில் நிற்கும். செலவை மிச்சப்படுத்தும் வேலைதானே என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சில்வர் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு பாசமா கணக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடுகிற படத்தில் அது வந்த வேகத்தில் போய்விடும். நிறுத்தினால் நீங்கள் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும், ஜிம் பார்க்கிற மாதிரி.

நாவலில் ஆப்பிள் பீப்பாய்க் காட்சி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறான். வெளியே சில்வரின் குரல் மட்டும் கேட்கிறது, ரேடியோ கேட்கிற உங்களுக்கு அந்த நிலைமை நன்றாகவே புரியும். ஜிம்மைப் புகழ்ந்த அதே வார்த்தைகளால் அவர் இன்னொரு இளைஞனைப் புகழ்ந்து கலகத்துக்கு இழுக்கிறார். அப்போது ஜிம்முக்கு வரும் முதல் கோபம், நம்மிடம் சொன்னதையே இவனிடமும் சொல்கிறாரே என்பதுதான். கொலைச் சதியெல்லாம் அப்புறம்தான். சில்வர் யார் என்பது எனக்கு அங்கேதான் பிடிபடுகிறது. இத்தனைக்கும் பிறகு தீவில் கொள்ளையர் நடுவே ஜிம் தனியாகச் சிக்கும்போது அவனைக் காப்பாற்றுவதும் இவரேதான். இரண்டுமே உண்மையான சில்வர். இரண்டில் ஒன்றைப் பொய் என்று ஒதுக்காமல் 26 பகுதியும் அவரைத் தாங்கிப் பிடித்ததுதான் தெசாகி செய்த பெரிய காரியம்.

சரி, நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கென்டாரோ ஹனேடாவின் இசை பற்றியும் அகியோ சுகினோ வரைந்த முகங்கள் பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. முடிவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாவலில் சில்வர் ஒரு மூட்டைக் காசோடு தப்பிவிடுவார், அதற்குமேல் அவரைப் பற்றிச் சேதியே கிடையாது. தொடரில் வளர்ந்த ஜிம் அவரை மறுபடி சந்திக்கிறான். மூலத்தில் இல்லாத அந்தச் சந்திப்பை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். பார்க்க வாய்த்தால் முதல் பகுதியிலிருந்தே பாருங்கள், கடைசிக்குத் தாவிவிடாதீர்கள். வணக்கம்.