பார்த்தது போதும், எழுதிப் பார்க்கட்டும்

தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பதிவாளர் அவர்களே, எனக்கு முன் சிறப்பாகப் பேசி அமர்ந்திருக்கும் புலமுதன்மையர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பாடத்தளத்தை இரவு பகலாகக் கட்டிக்காக்கும் கணினி மைய நண்பர்களே, எல்லாருக்கும் மேலாக மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மின்வழிக் கற்றல் கருவிகளால் மாணவர்களின் தேர்ச்சி உயர்கிறதா என்பது தலைப்பு. பதிவு விரிவுரை, இணையத் தேர்வு, கருவி வாங்க வசதியில்லாத மாணவர்கள் என்று மூன்றைப் பற்றிப் பேச நினைத்து வந்தேன். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பார்கள். இன்று எனக்கு அதுதான் துணை.

ஒரு மாணவி என்னிடம் வந்தார். “எல்லா வீடியோவும் பார்த்தேன் சார், ஆனாலும் புள்ளியியலில் போய்விட்டது” என்றார். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பாடத்துக்கு எதிரிலும் பச்சை டிக். ஒன்றுகூட விடுபடவில்லை. எந்த வேகத்தில் பார்த்தாய் என்றேன். “ரெண்டு மடங்கு சார்.” சரி, அதை மூடி வை என்று சொல்லி, ஒரு வெள்ளைத்தாளையும் ஐந்து எண்களையும் கொடுத்து, திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்பதைக் கண்டுபிடி என்றேன். சராசரி எடுத்தார். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்தார். கழித்து வந்ததையெல்லாம் கூட்டினார். பூஜ்யம்! பேனா அப்படியே நின்றுவிட்டது. “பார்க்கும்போது புரிந்ததே சார்” என்றார், கண் கலங்கி. புரிந்துதான் இருக்கும். கழித்து வந்ததைக் கூட்டும் முன் வர்க்கப்படுத்த வேண்டும்; அதைத் திரையில் பலமுறை பார்த்திருக்கிறார், தன் கையால் ஒருமுறையும் செய்ததில்லை. சித்திரமும் கைப்பழக்கம்! அன்றுமுதல் ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். அடுத்த செமஸ்டரில் நல்லபடியாகத் தேறினார்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்ததுதான் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம், வெறுமனே படித்ததில் 42. தேர்வு என்ன, ஐந்து நிமிடத்திலா வருகிறது?

மூடுல் போன்ற இணையப் பாடத்தளங்களில் கேள்வி வைக்கும் வசதி கூடவே வருகிறது, தனிச் செலவில்லை. நாமோ அதைப் பாடக்குறிப்புகளைப் போட்டுவைக்கும் அலமாரியாக்கிவிட்டோம். வசதியில்லாத மாணவர்களைப் பற்றி விரிவாகப் பேச இப்போது நேரமில்லை, மன்னியுங்கள்.

துணைவேந்தர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஒவ்வொரு பதிவு விரிவுரையின் முடிவிலும் நான்கைந்து கேள்விகள் வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே பாடத்தில் இன்னும் இரண்டு. மதிப்பெண் வேண்டாம், தவறினால் உடனே விளக்கம் வரட்டும். வீடியோ ஓடி முடிந்ததற்குப் பச்சை டிக் விழக்கூடாது, விடை எழுதியதற்கு விழட்டும். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். கேள்வி தயாரிக்க ஆளில்லை என்று சொல்லும் துறைக்கு நானே வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன். வணக்கம்.