மணி அடிச்சா பாராசூட்: 1940-ல் ஒரு பிரிட்டிஷ் கிராமம் காவல் காத்த விதம்

[திரையில்: மங்கலான வெளிச்சத்துல தேவாலயக் கோபுரம், உச்சியில ரெண்டு உருவம்]

1940 மே 14. ராத்திரி ஒன்பது மணி பிபிசி செய்தி முடிஞ்சதும் பிரிட்டனோட போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் ரேடியோவுல பேசுறார். 17 வயசுலேர்ந்து 65 வரைக்கும் உள்ள ஆம்பளைங்க, ஊர்க்காவல் படையில சேர விரும்பினா போலீஸ் ஸ்டேஷன்ல பேர் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது. ஜூலை முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 15 லட்சம் பேர் சேர்ந்துட்டாங்க. அந்த ஜூலையிலதான் சர்ச்சில் இந்தப் படைக்கு 'ஹோம் கார்ட்'னு பேர் வெச்சார்.

ஹாலந்துல ஜெர்மன்காரங்க பாராசூட்ல வந்து குதிச்சு நாலே நாள் ஆகியிருந்துச்சு. அடுத்து நம்ம வயல்லயும் இறங்குவாங்கங்கிறதுதான் பயம். அதனால கிராமத்துக் காவலுக்கு மூணு வேலை: பார்க்கணும், சொல்லணும், தாமதப்படுத்தணும். ஜெயிக்கிறது ராணுவத்தோட பொறுப்பு. இதை மறந்த இடத்துலதான் தப்பு நடந்துச்சு.

[திரையில்: மணிக்கூண்டு, தொங்கும் கயிறு]

1940 ஜூன்லேர்ந்து தேவாலய மணி அடிக்கத் தடை. எதிரி இறங்கினா மட்டும்தான் அடிக்கணும். கேட்க எளிமையா இருக்கு. ஆனா இங்கிலாந்து தேவாலய மணி பல நூறு கிலோ எடை, முழு வட்டமா சுழலும். வாய் மேல பார்த்தபடி நிறுத்தி வெச்சிருக்கிற மணியோட கயித்தைப் பழகாத ஆள் இழுத்தா, மணி திரும்பற வேகத்துல கயிறு அவரையே மேல தூக்கிடும்.

செப்டம்பர் 7 ராத்திரி 'கிராம்வெல்'ங்கிற ரகசியச் சொல் கிளம்புச்சு. அதுக்கு அர்த்தம் 'படையெடுப்பு எந்த நேரமும் வரலாம்'. சில ஊர்ல அதை 'வந்தாச்சு'ன்னு எடுத்துக்கிட்டு மணியை அடிச்சுட்டாங்க. ஒரு ஊர் மணி கேட்டு அடுத்த ஊரும் அடிக்கும். எச்சரிக்கை பரவுற அதே வேகத்துல பொய்த் தகவலும் பரவும்.

[திரையில்: சாலையில் வரிசையா நட்ட இரும்புத் தண்டவாளங்கள்]

அடுத்தது சாலைத் தடை. ஆரம்பத்துல பழைய மாட்டு வண்டி, ஏர், மரக்கட்டைன்னு கையில கிடைச்சதைப் போட்டாங்க. அப்புறம் முறை வந்துச்சு: சாலையில குழி தோண்டி, கான்கிரீட் சாக்கெட் பதிச்சு, மேல மூடி. தேவைப்படும்போது வளைச்ச தண்டவாளத்தை அதுல சொருகுவாங்க. மத்த நேரம் நம்ம லாரியும் பால் வண்டியும் தாராளமாப் போகலாம்.

இடம் தேர்வு முக்கியம். வளைவுக்குப் பின்னாடி இருந்தாத்தான் வண்டி ஓட்டுறவன் கடைசி நிமிஷத்துல பார்ப்பான். ரெண்டு பக்கமும் மேடோ, வீடோ, ஓடையோ இருக்கணும். திறந்த வயல் இருந்தா அவன் சுத்திப் போயிடுவான். தடையைப் பார்த்தபடி துப்பாக்கியோட ஆள் மறைஞ்சிருக்கணும். இல்லேன்னா எதிரி இறங்கி, நிதானமா நகர்த்தி வெச்சுட்டுப் போவான்.

தடையை விடப் பெரிய ஆபத்து, அங்க நின்ன காவலாளி. 'நில்!'னு கத்தினா, கண்ணாடியை ஏத்திவிட்டு, இன்ஜின் சத்தத்துல, இருட்டடிப்புக்காக மறைச்ச விளக்கோட வர்றவருக்குக் கேட்காது. நிக்காம வந்தா எதிரின்னு நினைச்சுச் சுட்டாங்க. ஜூன் 2 ராத்திரி மட்டும் வெவ்வேறு இடத்துல நாலு வாகன ஓட்டிகள் இப்படிச் செத்தாங்க. ஆகஸ்ட் 16-ல ஜேம்ஸ் நிக்கல்சன்ங்கிற பிரிட்டிஷ் விமானி, எரியுற விமானத்துலேர்ந்து பாராசூட்ல குதிச்சு இறங்கறப்ப, சொந்த நாட்டுக் காவல்படையே சுட்டுக் காயப்படுத்துச்சு. அன்னிக்குக் காட்டின வீரத்துக்காக அவருக்கு பிரிட்டனோட உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைச்சுது.

[திரையில்: கட்டையில் சிவப்புப் பட்டை பூசிய துப்பாக்கி]

முதல் சில வாரம் கையில வேட்டைத் துப்பாக்கி, வைக்கோல் வாரும் கவைக்கோல். அப்புறம் அமெரிக்காவுலேர்ந்து ரைபிள் வந்துச்சு, கெட்டியான கிரீஸ்ல முக்கி எடுத்த மாதிரி. துடைச்சு எடுக்கறதே தனி வேலை. அதை விடத் தலைவலி தோட்டா: அமெரிக்க ரைபிளுக்கு .30 அங்குல அளவு, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு .303. .303 தோட்டா உள்ள போகும், போய் சிக்கிக்கும். அதான் கட்டையோட முன்பகுதியில ரெண்டு அங்குல அகலத்துக்குச் சிவப்புப் பட்டை பூசினாங்க. இருட்டுல சிவப்பு தெரியாதேன்னு கேட்டா, நியாயமான கேள்விதான்.

இதே ஹோம் கார்ட் பேர்ல இன்னொரு கூட்டமும் இருந்துச்சு: 'ஆக்ஸிலியரி யூனிட்ஸ்'. ஜெர்மன் படை ஊரைத் தாண்டிப் போனதும், பின்னாடியிலேர்ந்து நாசவேலை செய்யறதுதான் இவங்க பணி. பெரும்பாலும் விவசாயிகள், காட்டுக் காவலர்கள். அந்தந்த ஊர்க் காட்டைக் கண்ணை மூடிக்கிட்டுக் கடக்கிறவங்க. காட்டுக்குள்ள மண்ணுக்கடியில நெளிதகட்டு அறை, மேல செடியோட மூடி, ஏறக்குறைய ரெண்டு வாரத்துக்குச் சாப்பாடு. தோண்டின மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டறதுங்கிறதுதான் பெரிய பிரச்சினை. புது மண் குவியல் மேலேர்ந்து பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும். உள்ள ஆள் மூச்சுக்காத்து தகட்டுல குளிர்ந்து தண்ணியாச் சொட்டும். மனைவிகிட்டயும் சொல்லக் கூடாது.

[திரையில்: சாலையோரம் உருளையான கான்கிரீட் மேடை]

இங்கிலாந்து கிராமச் சாலையோரத்துல இப்பவும் இப்படி ஒண்ணைப் பார்க்கலாம்: இடுப்பளவு கான்கிரீட் உருளை, நடுவுல துருப்பிடிக்காத எஃகுத் தண்டு. பிளாக்கர் பாம்பார்டுங்கிற டாங்கி எதிர்ப்புக் குண்டுவீச்சுக் கருவியை வெச்ச பீடம் அது. 20 பவுண்டு குண்டு, டாங்கியை அடிக்கணும்னா ஏறக்குறைய 100 கஜம்தான் தூரம். அவ்வளவு கிட்ட டாங்கி வர்ற வரைக்கும் அசையாம உட்கார்ந்திருக்கணும். அதனாலதான் பல பீடங்கள் பாலத்தையோ நாற்சந்தியையோ பார்த்தபடி இருக்கு.