பாலைவனத்துல மழைன்னா மலையைப் பாருங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பாலைவனத்துல பருவமழை பத்தி பேசப்போறேன்னு சொன்னதும் இங்க நிலையத்துலயே "பாலைவனத்துல ஏது சார் பருவமழை"ன்னு கேட்டாங்க. இருக்குங்க. அமெரிக்காவுல அரிசோனா, அதுல டூசான்னு ஒரு ஊரு. என் பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கதான் இருக்காங்க. நம்ம சென்னைப் பசங்க நிறைய பேரு பீனிக்ஸ், சாண்ட்லர்னு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்காங்க, கேட்டுட்டிருக்கிற உங்கள்ல சில பேருக்கு ஊர்ப் பேரெல்லாம் பழக்கமா இருக்கும்.

ஜூன்ல அங்க 40 டிகிரி தாண்டி கொளுத்தும், ஆனா வேர்வை உடம்புல தங்காம உடனே காஞ்சிடும், அவ்ளோ வறட்சி. ஜூலை ஆரம்பத்துல காத்து திசை மாறி தெக்கால மெக்சிகோ, கலிஃபோர்னியா வளைகுடா பக்கமிருந்து ஈரத்தை கொண்டாரும். முன்னாடியெல்லாம் காத்துல எவ்ளோ ஈரம்னு காட்டுற டியூ பாயிண்ட் மூணு நாள் தொடர்ச்சியா சுமார் 12 டிகிரி செல்சியஸோ அதுக்கு மேலயோ இருந்தாதான் டூசான்ல மான்சூன் வந்துடுச்சுன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல ஜூன்ல அது 24, 25 இருக்கும், அந்தக் கணக்குல நமக்கு வருஷம் பூரா மான்சூன்தான்! 2008லேருந்து அந்தக் கணக்கை விட்டுட்டு ஜூன் 15லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும்னு காலண்டர்ல கோடு போட்டுட்டாங்க. எனக்கென்னவோ பழசுதான் பிடிச்சிருந்தது, மழை காலண்டர் பாத்தா வருது?

ஈரம் மட்டும் வந்தா போதாது, அதை மேல தூக்கிவிட ஆளு வேணும். அதுதான் மலை. ரேடியோவுல "வெப்பச்சலனம் காரணமாக மாலையில் இடியுடன் கூடிய மழை"ன்னு கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமே ஆயிருக்கும், அதே சமாச்சாரம்தான். நமக்கு ஆடி ஆவணில காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் மேகம் கட்டி ராத்திரி சென்னைக்கு நகர்ந்து வருதில்ல, அங்க மேகம் கட்டுற இடம் மலை உச்சி. டூசானுக்கு வடக்க மவுண்ட் லெமன்னு ஒண்ணு இருக்கு, 9,000 அடிக்கு மேல, நம்ம தொட்டபெட்டாவை விட ஒசரம். காலைல வெயில் பட்டு சரிவு சூடாகி, காத்து மலையோரமாவே மேல ஏறி, பன்னெண்டு மணிக்கு பஞ்சு மாதிரி ஒரு மேகம், மூணு மணிக்கு அதே மேகம் கருத்து இடி இடிக்கும். ஊருக்குள்ள அப்பவும் சுள்ளுன்னு வெயில்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. அந்த ஊர்ல ஆறுன்னா மணல். வருஷத்துல முக்காவாசி நாள் சொட்டுத் தண்ணி இருக்காது, நாயைக் கூட்டிட்டு அதுலயே வாக்கிங் போவாங்க, ரோடே பாலம் இல்லாம அதுக்குள்ள இறங்கி ஏறிப் போகும். ஒரு நாள் சாயங்காலம் நான் அந்த மணல்ல நடக்கக் கிளம்பறேன், மாப்பிள்ளை "மாமா, இன்னிக்கு வேணாம், மலையைப் பாருங்க"ங்கறாரு. பாத்தா உச்சி கன்னங்கரேல்னு இருக்கு, தலைக்கு மேல வானம் நீலம். கரையிலயே நின்னு பேசிட்டிருந்தோம். கொஞ்ச நேரத்துல சலசலன்னு ஒரு சத்தம், அப்புறம் குச்சி, சருகு, நுரை எல்லாத்தையும் முன்னாடி தள்ளிக்கிட்டு காப்பி நிறத்துல தண்ணி வருது, பின்னாடியே முழங்கால் ஒசரத்துக்கு. நாங்க நின்ன இடத்துல ஒரு தூறல் கூட இல்ல! குத்தாலத்துல வெயில் அடிக்கும்போதே போலீஸ் விசில் ஊதி அருவியிலேருந்து எல்லாரையும் வெளியேத்துறாங்களே, அதே கதை. மேல மழை, கீழ வெள்ளம். 1997 ஆகஸ்ட் 12, அதே மாநிலத்துல ஆன்டிலோப் கேன்யன்ங்கிற குறுகலான பாறை இடுக்குல சுத்திப் பாக்கப் போன 11 பேர் இப்படித்தான் வெள்ளத்துல செத்துப் போனாங்க. மழை பெய்ஞ்சது எங்கயோ தூரத்துல. அதனால திரும்பவும் சொல்றேன், தலைக்கு மேல பாக்காதீங்க, மலையைப் பாருங்க. ஒரு அடி தண்ணி சின்ன காரை மிதக்க வெச்சிடும். தடுப்பைத் தாண்டி வண்டியை வெள்ளத்துல விட்டு மாட்டிக்கிட்டா மீட்கிற செலவை அவங்க கிட்டயே வசூல் பண்ண அங்க சட்டமே இருக்கு, "முட்டாள் டிரைவர் சட்டம்"னுதான் ஜனங்க சொல்றாங்க. நம்ம சுரங்கப்பாதைங்களுக்கும் ஒண்ணு போடலாம், சரி அது வேற பேச்சு.

மழை எவ்ளோன்னு கேட்டா, டூசான்ல வருஷத்துக்கே சுமார் 270 மில்லிமீட்டர், பாதி இந்த சீசன்லதான். நமக்கு 1,400 பக்கம். ஆனா நிலையே இல்ல, 2020 சீசன்ல 41 மில்லிமீட்டர்தான், அடுத்த வருஷமே 325.

டைம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. புழுதிப் புயல் ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மேகத்துலேருந்து விழற மழை பாதி வழியிலயே ஆவியாயிடும், அதுல குளிர்ந்த காத்து கனமாகி தொப்புனு கீழ விழுந்து புழுதியைக் கிளப்பும். 2011 ஜூலை 5 அன்னிக்கு பீனிக்ஸ் மேல 5,000 அடி ஒசர புழுதிச் சுவரே வந்தது. மாட்டிக்கிட்டா ரோட்டை விட்டு ஓரமா ஒதுங்கி, லைட்டை அணைச்சு, பிரேக்லேருந்து காலை எடுத்துடணும், இல்லன்னா சிவப்பு லைட்டைப் பாத்து பின்னாடி வர்றவன் நேரா வந்து மோதுவான். பசங்க அங்க இருந்தா இதை மட்டுமாவது சொல்லி வைங்க. மாசக்கணக்கா மண்ணுக்குள்ள கிடந்து முதல் மழைக்கு வெளிய வர்ற தவளைங்களைப் பத்தியும் எழுதி வெச்சிருந்தேன், அதுக்கு இன்னொரு தரம் கூப்பிட்டாதான் உண்டு. நன்றி, வணக்கம்.