கிணற்று மீனைப் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அப்பு கிணற்றில் நாலைந்து மீன் விட்டிருந்தார். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று விட்டவை. ஆனால் விடிய வாளியை இறக்கும் முன்பு ஒரு சிட்டிகை சோறு போட்டுப் பார்ப்பார். மீன்கள் மேலே வந்து கொத்தினால்தான் தண்ணீர் அள்ளுவார். ஒருநாள் சோறு அப்படியே மிதந்தது. மீன்கள் கிணற்றுக் கட்டோடு ஒட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. "இண்டைக்கு இந்தத் தண்ணி வேண்டாம்" என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டார். முதல் நாள் பின்னேரம் வெங்காயத்துக்கு மருந்தடித்த ஒருவர் மெசினைக் கிணற்றடி வாய்க்காலில் கழுவியிருந்தார். மத்தியானத்துக்குள் இரண்டு மீன் செத்து மிதந்தன. தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். போத்தலில் எடுத்துப் பரிசோதிக்கும் தண்ணீர் அந்த ஒரு நேரத்து நிலையைச் சொல்லும். அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும் உயிர், இரவும் பகலும் நடந்ததைச் சொல்லும். இரண்டும் வேண்டும். நம்முடைய யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியே கீழே போக அதிக காலம் எடுக்காது.

ஆனால் மீன் உயிரோடு நீந்துகிறது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். யூரியாவிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வரும் நைத்திரேற்று மீனைக் கொல்லாத அளவிலும் கைக்குழந்தைக்குக் கேடு செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய், உதடு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இன்னொரு தடவை சொல்கிறேன், கொதிக்க வைத்தால் போகாது.

காற்றுக்கும் இப்படிச் சாட்சி உண்டு. உங்கள் வளவுத் தென்னையில், மாமரத்துப் பட்டையில் வெள்ளையும் சாம்பலுமாய்ப் படர்ந்திருக்கிறதே, அது லைக்கன், பூஞ்சணமும் பாசியும் ஒன்றாய்ச் சேர்ந்து வாழும் உயிர். அதற்கு வேர் இல்லை, காற்றும் மழையும் கொண்டுவருவதைத்தான் உறிஞ்சும். 1866இலேயே நைலாண்டர் என்ற அறிஞர், பாரிசில் லக்சம்பேர்க் பூங்காவில் உள்ள லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, அங்கே காற்று சுத்தமாக இருப்பதற்கு இது அடையாளம் என்று எழுதினார். கடலுக்கு மட்டியும் சிப்பியும். ஒரே இடத்தில் கிடந்து தண்ணீரை வடித்துத் தின்பவை, நஞ்சையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1986 முதல் கரையோரச் சிப்பிகளை எடுத்து அளந்து வருகிறார்கள். நமது கடல்நீரேரி மட்டியையும் அப்படி ஆண்டு தவறாமல் அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மனித உடம்பைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். அதை அடியிலிருந்து துண்டு துண்டாகப் பார்த்தால், எந்த மாதம் பாதரசம் உள்ளே போனது என்று தெரியும். இரத்தத்தில் ஈயத்தைப் பார்த்தால் கடந்த சில வாரங்கள் தெரியும். பழையது எலும்பில் பல ஆண்டுகள் கிடக்கும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது, ஆனால் பழைய பற்றறி உடைக்கும் இடங்களில் ஈயம் இன்னும் இருக்கிறது. பெரியவர்களை விடச் சின்னப் பிள்ளைகள் அதை நாலைந்து மடங்கு உறிஞ்சுவார்கள். தாய்ப்பாலிலும் சில பூச்சிமருந்துகள் தெரியவரும், அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

பற்றறி வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் கைகாலைக் கழுவி, உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் பார்க்கலாமா என்று கேளுங்கள். வணக்கம்.